இரண்டாம் குரல்

அந்தப் பாட்டின் மெட்டு
எனக்குத் தெரியாது.
அதற்குக் கீழே ஓடும்
இன்னொரு பாட்டுதான் தெரியும்.

எட்டு வயதில், ஹோரேஸ் சார்
என்னை மூன்று முறை 'ஆ' சொல்லவைத்துவிட்டு
'ஆல்டோ' என்றார்,
தையல்காரர் சட்டை அளவு சொல்வதுபோல.
பேராலயத்து மாடியில் இடது ஓரம்,
ஏசி காற்று நேராகக் காதில் ஊதும் இடம்
அன்றே எனக்கு ஒதுக்கப்பட்டது.

அபுதாபியில் அப்போது
வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிறு.
விடிந்ததும் தமிழ்ப் பூசை, பிறகு மலையாளம்,
பிறகு இங்கிலீஷ், டகாலோக், கொங்கணி, அரபி.
உட்காரப் போகிற பெஞ்சு எப்போதும்
முந்தைய மொழியின் சூட்டோடு இருக்கும்.
கோபுர மணி கிடையாது.
சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தால்
பூசை தொடங்குகிறது என்று அர்த்தம்.

அங்கிகள் எல்லாம் ஒரே அளவு.
குட்டையானவர்கள் மடித்து ஊக்கு குத்திக்கொள்வோம்.
நான் நான்கு ஊக்கு,
பக்கத்தில் ஜோவிட்டா ஆறு.

மெட்டு அவளுடையது.
அவள் மேலே மேலே போவாள்.
நான் அதே சுரத்தில்,
மூன்று வரி முழுக்க,
அடுக்குமாடி வாசல் நாத்தூர்போல
நின்றுகொண்டே இருப்பேன்.
நான்காவது வரியில் ஒரு படி இறங்குவேன்.
அவ்வளவுதான் என் வேலை.
ஐந்து வருடத்தில் 'சத்தத்தைக் குறை' என்பதைத் தவிர
சார் என்னிடம் வேறெதுவும் பேசியதாக நினைவில்லை.

அம்மா பிரசவ ஆஸ்பத்திரியில்
நைட் டூட்டி முடித்து நேரே வருவாள்,
வெள்ளை ஷூவைக்கூட மாற்றாமல்.
மாடியிலிருந்து பார்த்தால்
ஐந்தாம் பெஞ்சில் அவள் வகிடு தெரியும்.
பிரசங்கத்துக்கு முன்பே அது சாய்ந்துவிடும்.
நன்மை வாங்கும் நேரத்தில்
பக்கத்து ஆன்ட்டி தொட்டு எழுப்புவாள்.
ராத்திரி எத்தனை பிள்ளைகளின் முதல் அழுகையைக் கேட்டாளோ,
என் பாட்டு கேட்கக் காதில் இடமிருந்திருக்காது.

பதின்மூன்றாம் வயதில்
கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது
என் தொண்டைக்குள் யாரோ நாற்காலி இழுத்தார்கள்.
ஒத்திகை நின்றது.
எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.
ஜோவிட்டா மட்டும் தாளைப் பார்த்தாள்;
அதற்கு இன்றைக்கும் நன்றி.

'வாயை மட்டும் அசை' என்றார் சார்.
'வரிசையில் ஓட்டை விழக்கூடாது.'

நள்ளிரவுப் பூசை.
நாற்பது வாய் திறந்தது,
முப்பத்தொன்பது குரல் வந்தது.
கண்ணாடித் தொட்டி மீனாக நின்றேன்.
முதன்முறையாக அந்தப் பாட்டை முழுதாகக் கேட்கலாம்,
மெட்டைக்கூடப் பிடித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.
கேட்டதெல்லாம்
நான் பாடாமல் விட்ட அந்த ஒற்றைச் சுரம்தான்.

வெளியே மூடுபனி.
வண்டிகள் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தன.
அம்மா என் காலரைச் சரிசெய்து சொன்னாள்:
'இன்னைக்கு உன் குரல் மட்டும்
தனியாக் கேட்டுதுடா.'

நான் மறுக்கவில்லை.
அவள் தூங்காமலிருந்த ஒரே பூசை அது.

அடுத்த ஜூனில் ஜோவிட்டாவின் அப்பாவுக்குக் கம்பெனி கணக்கு முடித்தது.
லீவுக்குப் போவதாகத்தான் எல்லாரிடமும் சொன்னார்கள்.
செப்டம்பரில் அவள் அங்கியை
ஒரு புதுப்பெண் போட்டுக்கொண்டாள்.
ஊக்குகளை எடுக்க வேண்டியிருந்தது,
அவள் உயரம்.

இப்போது முசாஃபா சாலையில்
மாலை நெரிசலில்
என்னையறியாமல் அதை முனகுகிறேன்.
பின்சீட்டிலிருந்து மகள் கேட்கிறாள்,
'என்ன பாட்டுப்பா இது?'
பெயரைச் சொல்கிறேன்.
'இல்லவே இல்ல' என்கிறாள்,
'அது இப்படி இருக்காது.'

இருக்காதுதான்.

சிக்னல் பச்சையாகிறது.
பின்னால் ஹார்ன்.
நான் இன்னும் மூன்றாம் வரியில்
அதே சுரத்தில் நிற்கிறேன்.
மேலே போக வேண்டியவள்
இன்னும் வரவில்லை.